ஒட்டகத்துக்குப் பின்னால் ஒரு கதவு

எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தின் சாவிக் கொத்தில் பதினான்கு சாவிகள் இருந்தன. பதினொன்று எந்தப் பூட்டுக்கு என்று எனக்குத் தெரியும். மற்ற மூன்றும் எதற்கென்று பங்குச் சுவாமியான பாதிரியாருக்கும் தெரியாது, அவருக்கு முன்னிருந்த சுவாமிக்கும் தெரியாதாம். எறிந்துவிடுவோமா என்று கேட்டேன். "எறிந்த அன்றுதான் பூட்டைக் கண்டுபிடிப்போம்" என்றார். அவர் அயர்லாந்துக்காரர். எதையும் எறியாத மனிதர்.

சாவி என் கைக்கு வந்தது நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதம். ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்தேன். லண்டனுக்கு வந்து ஒரு பெற்றோல் ஸ்டேசனின் கல்லாவில் ஒன்பது வருடம் நின்றேன். அறுபத்தைந்து வயதில் வீட்டில் இருத்திவிட்டார்கள். ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்து பதினேழு நிமிடம், மழையென்றால் பத்தொன்பது. வீட்டில் நான் காஸ் அடுப்பின் நான்கு திருகுகளையும் நாளுக்கு எத்தனை தரம் தொட்டுப் பார்க்கிறேன் என்று என் மனைவி ஒருநாள் எண்ணிச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் சுவாமியிடம் போய், "இந்தாளுக்கு ஏதாவது வேலை குடுங்கோ, சுவாமி" என்று கேட்டிருக்கிறாள். அந்த விஷயம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நான் சொல்லப் போவது 2006ஆம் ஆண்டுச் செப்டம்பரில் தொடங்கியது.

எங்கள் கோயிலில் மாதம் ஒருமுறை சனிக்கிழமை மாலையில் தமிழ்ப் பூசை. ஞாயிறு காலையில் ஆங்கிலப் பூசை. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு ஸ்பானிஷ் பூசை. அதற்கு வருகிறவர்கள் கொலம்பியா, எக்குவடோர், பொலிவியா ஆட்கள். அநேகமானோர் விடியப்புறம் நான்கு மணிக்கு எழுந்து நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கிறவர்கள். சரியாக இரண்டு மணிக்கு வாங்குகளில் உட்கார்ந்து நாற்பது பேர்தான் இருப்பார்கள். இரண்டு இருபதுக்கு எண்ணினால் இருநூறைத் தொடும். ஒவ்வொரு ஒக்டோபரிலும் தலை எண்ணிக் கணக்கு அனுப்பவேண்டும் என்பது இந்த நாட்டுக் கோயில்களில் வழக்கம். எத்தனை மணிக்கு எண்ணுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் இரண்டு தரம் எண்ணி இரண்டையும் எழுதி அனுப்பினேன்.

அந்தச் சனத்துக்கு முன்னால் நின்று எல்லாம் ஒழுங்குசெய்தவ ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். தமிழ்ப் பகுதியில் அவவுக்குக் 'கொலம்பியா அக்கா' என்று பெயர். அவ என்னை 'டொன்' என்று கூப்பிடுவா. அவர்களுடைய ஊரில் வயதுபோனவருக்குக் கொடுக்கும் மரியாதையாம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம். அவவுடையது உடைந்தது, என்னுடையது விறைத்தது. ஆகையால் நாங்கள் பேசியதை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

அவ சுவாமியைப் பிடித்து, சுவாமி சுகாதார அலுவலகத்தைப் பிடித்து, ஒருவழியாக ஒரு மனநலத் தாதியை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். சிலியில் பிறந்து லண்டனில் வளர்ந்தவ. ஸ்பானிஷ் தண்ணீர்பட்ட பாடு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கோயில் மண்டபத்துக்கு வந்து இருப்பா. மனதுக்குச் சரியில்லாத எவரும் வந்து கதைக்கலாம், தேவைப்பட்டால் அவவே உரிய இடத்துக்கு வழிகாட்டுவா. பன்னிரண்டு ஞாயிறு பார்ப்பார்கள். ஆட்கள் வந்தால் தொடரும், வராவிட்டால் நிற்கும்.

"எத்தனை ஆட்கள் வந்தால் ஆட்கள் வந்ததாகக் கணக்கு?" என்று சுவாமியைக் கேட்டேன்.

"போதுமான ஆட்கள்" என்றார்.

போதுமான என்பது ஒரு எண் இல்லை. அன்றிரவு அதை யோசித்தே எனக்கு நித்திரை பிந்தியது. ஆனாலும் எண்ணும் பொறுப்பை என்னிடம் தந்ததில் சந்தோஷம்தான். வெளிநோயாளர் பிரிவை எப்படி நடத்துவதென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மண்டபத்துக்குப் பக்கத்து ஓடையில், அந்த ஒடுங்கிய நடைவழியில், சுவரோடு பன்னிரண்டு கதிரைகளை வரிசையாகப் போட்டேன். மட்டையில் ஒன்றிலிருந்து முப்பது வரை இலக்கம் எழுதித் துண்டுகள் வெட்டினேன். கோடு போட்ட கொப்பி ஒன்றில் பெயர், விலாசம், பிறந்த திகதி, வந்த நேரம், போன நேரம் என்று ஐந்து நிரல் கீறினேன். ஓடை முடிவில் இருந்த சிறிய அறைக் கதவில், யார் யாருக்கு எந்த நேரம் என்று பெரிய எழுத்தில் அறிவித்தல் ஒட்டினேன். மேசையும் பேனையும் கொப்பியுமாக ஓடை வாசலில் நான்.

முதலாம் ஞாயிறு ஒருவரும் இல்லை. இரண்டாம் ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு ஒரு மனிதர் நேராக என்னிடம் வந்தார். இலக்கம் ஒன்றை எடுத்து நீட்டினேன். கழிப்பறை எங்கே என்று கேட்டார். நான்காம் ஞாயிறு மறுபடியும் ஒருவரும் இல்லை. தாதி அறைக்குள் தனியே இருந்து புத்தகம் வாசித்தா. ஒவ்வொரு ஞாயிறும் போகும்போது எனக்கு நன்றி சொன்னா. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

எங்களுடைய ஆட்களின் வாயும் சும்மா இருக்கவில்லை. தமிழ்ப் பகுதிக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். பெரிய சத்தம், பெரிய சிரிப்பு. மண்டப வாசலில் நின்றுகொண்டே, "என்ன கிளாக்கர் அண்ணை, விசர்க் கந்தோருக்கு நீங்கள்தான் பொறுப்போ? எனக்கும் ஒரு துண்டு வெட்டி வையுங்கோ!" என்றார். பைத்தியக்கார அலுவலகம் என்றதற்குப் பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன்.

நான்காம் ஞாயிறு முடிந்து கதிரைகளை அடுக்கும்போது கொலம்பியா அக்கா வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றா.

"நல்ல வடிவா ஒரு பொலிஸ் ஸ்டேசன் கட்டி வைச்சிருக்கிறியள், டொன்."

"வரிசை வேணும். வரிசை இல்லாட்டி ஆர் முந்தி வந்தது எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஒருத்தருமே வரேல்லையே! ஆருக்கு முந்தி ஆர்?"

நான் அடுத்த கதிரையை எடுத்து அடுக்கினேன். அவ கொப்பியை எடுத்து விரித்து என் ஐந்து நிரல்களையும் விரலால் தட்டினா. "பேர். விலாசம். பிறந்த திகதி. எங்கட ஆக்களில பாதிப் பேருக்குப் பேப்பர் சரியில்லை. மற்றப் பாதிக்கு வெட்கம். உந்தக் கதிரையில இருந்தா, பூசை முடிஞ்சு வாற முழுச் சனமும் பார்க்கும். இன்னாரின்ரை மனுசிக்கு மண்டையில கோளாறு எண்டு பின்னேரத்துக்குள்ள ஊருக்குத் தொலைபேசி போயிடும்."

பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா. கோபம் இறங்கிவிட்டது.

"வெளியில நிக்கிற நீலக் கார் தெரியுமோ?"

தெரியாமல் என்ன? குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், சவ வண்டிக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஒவ்வொரு ஞாயிறும் நிற்கிற கார். அதற்குள் ஒரு மனிதர் இருப்பார். காரை எடுக்கும்படி மூன்று தரம் போய்ச் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் பேசாமல் ஒரு கார் நீளம் முன்னுக்கு எடுப்பார். நான் திரும்பிப் பார்க்கும்போது பழைய இடத்தில் நிற்கும்.

"அது என்ரை மனுசன்" என்றா.

ஊரில் சாரதியாகப் பஸ் ஓடியவராம். இங்கே வந்து அலுவலகங்கள் துடைத்தவர். ஐந்து மாதமாக வேலைக்குப் போவதில்லை. நித்திரையும் இல்லை. சாப்பாடு கோழி கொத்தின மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவவையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு ஏற்றிவருவார். இறங்கமாட்டார். பூசை முடியுமட்டும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருப்பார்.

"ஜீபி டொக்டரிட்டக் கொண்டு போனன். பத்து நிமிசம். மொழிபெயர்க்கிறவர் ரெலிபோனுக்குள்ள. இவர் மேசையில கிடந்த ரெலிபோனையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு 'நல்லா இருக்கிறன்' எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டார்." அவ தன் கைகளைப் பார்த்தா. "சுவாமியிட்ட நேர்ஸ் வேணும் எண்டு நான் கேட்டது ஒரு ஆளுக்காகத்தான், டொன். மற்றவை வந்தாச் சந்தோசம். ஆனா பன்னிரண்டு ஞாயிறு முடியமுந்தி அவர் அந்தக் காரை விட்டு இறங்கவேணும். நாலு ஞாயிறு போயிட்டுது."

வீட்டுக்குப் போனேன். அன்று நடை இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது.

"என்ன, முகம் காய்ஞ்சு கிடக்கு? இண்டைக்கு எத்தினை?" என்றாள் மனைவி.

"பூச்சியம்."

"எல்லாத்தையும் கூட்டினா?"

"கூட்டினாலும் பூச்சியம்தான். கழிப்பறைக்கு வந்தவரைச் சேர்க்க ஏலாது."

அவள் சிரித்து முடியும் வரை பொறுத்திருந்து முழுவதையும் சொன்னேன். அவள் அடுப்பில் கறியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, செத்த வீட்டில ஆக்கள் எங்க வாய் திறக்கிறவை? முன்னுக்குக் கதிரையில இருக்கிற ஆம்பிளையள் கிரிக்கெற் கதைப்பினம். குசினிக்குள்ள வெங்காயம் உரிக்கிற பொம்பிளையள்தான் உள்ளதைக் கதைக்கிறது. கை வேலையா இருந்தாத்தான் வாய் திறக்கும். அந்த நேர்ஸைக் குசினிக்குள்ள விடுங்கோவன்."

"அவ படிச்ச பிள்ளை. மாக் குழைக்கச் சொல்லுறதே?"

"ஏன், படிச்ச கையில மா ஒட்டாதோ?"

ஸ்பானிஷ் ஆட்கள் பூசை முடிந்ததும் மண்டபக் குசினியில் எம்பனாடா செய்வார்கள். பார்த்தால் எங்கள் பற்றிஸின் பெரியம்மா மகள் மாதிரி இருக்கும். மாவை வட்டமாகத் தட்டி, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து, மடித்து, விளிம்பைக் கிள்ளி மடக்கிப் பொரிப்பது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் நீட்டு மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும் வேலை. குசினிக்குப் பின்னால் மா மூட்டையும் பழைய சாமான்களும் கிடக்கிற ஸ்டோர் அறை ஒன்று உண்டு.

ஐந்தாம் ஞாயிறு தாதி ஏப்ரன் கட்டிக்கொண்டு மேசையில் நின்றா. என் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டேன், அறிவித்தலையும் கிழித்துவிட்டேன். கை வெறுமையாக இருந்தது. என் மனைவியும் வந்திருந்தாள். வந்த வேகத்திலேயே கறிவேப்பிலை போடாத இறைச்சி என்ன இறைச்சி என்று கொலம்பியா அக்காவோடு சண்டைக்குப் போனாள். இரண்டு பேரும் மொழியில்லாமலேயே அரை மணித்தியாலம் வாதாடினார்கள். அதற்கிடையில் மேசையின் மறுகரையில் இளம்பெண் ஒருத்தி விளிம்பு கிள்ளிக்கொண்டே தாதியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். தாதி தலையை நிமிர்த்தாமலே ஏதோ கேட்டா. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மா எடுக்கப் போகிறவர்கள் போல ஸ்டோர் அறைக்குள் போனார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்கள். மா ஒன்றும் வரவில்லை. யாரும் ஏனென்று கேட்கவில்லை. நாலைந்து பேர் இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் கிள்ளினார்கள், அவ்வளவுதான்.

எண்ணுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். போகும்போது தாதி என்னிடம் விரல்களைக் காட்டுவா. அன்று இரண்டு விரல். அடுத்த ஞாயிறு ஐந்து. பிறகு நான்கு. எட்டாம் ஞாயிறு இரண்டு கையும் தேவைப்பட்டது, ஆறு.

அந்த எட்டாம் ஞாயிறு ரோல்ஸ்காரர் மண்டப வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முதன்முறையாக அவருடைய குரல் சின்னதாக இருந்தது.

"அண்ணை, உந்த நேர்ஸுக்குத் தமிழ் தெரியுமோ?"

"தெரியாது."

"ம்" என்றார். பிறகு, "தெரிஞ்ச ஆரும் இருப்பினமோ?" என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விசாரித்தேன். நாலு மாதம் எடுத்தது. அது வேறு கதை.

ஆனால் எல்லாம் பெண்கள். விரல்களில் ஒன்றுகூட ஆண் இல்லை. குசினி பெண்களின் இடம். நீலக் கார் தன் இடத்தில் நின்றது. கொலம்பியா அக்கா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஒரு கோப்பை கோப்பி கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ளால் கொடுத்துவிட்டு வருவா. என்னைக் கடக்கும்போது ஒன்றும் சொல்லமாட்டா. சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், நான்குதான் மிச்சம்.

ஒன்பதாம் ஞாயிறு நான் காரடிக்குப் போனேன். சத்தியமாக அவருக்கு நல்லது செய்யப் போகவில்லை. பின் இடது டயரில் காற்றுக் குறைவு. மூன்று வாரமாகப் பார்க்கிறேன், வரவரக் குறைந்துகொண்டே போகிறது. எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. கண்ணாடியில் தட்டினேன். இரண்டு விரல் அகலம் இறக்கினார். டயரைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். அவர் பஸ் ஓடியவர் அல்லவா? முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

பத்தாம் ஞாயிறு என் மகனுடைய கால் பம்பையும் காற்று அளக்கும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். பூசை தொடங்கியபின் காரடிக்குப் போய் ஒன்றும் சொல்லாமல் குந்தியிருந்து வால்வைக் கழற்றத் தொடங்கினேன். கதவு திறந்தது. என் கையிலிருந்த பம்பை வாங்கி அவரே மிதித்தார். நான் அளந்தேன். இருபத்திரண்டு. இருபத்தாறு. முப்பது. மற்ற மூன்று டயர்களையும் பார்த்தோம். பதினைந்து நிமிடம் ஒரு மனிதர் காருக்கு வெளியே நின்றார். அதைப் பார்த்திருந்தால் கொலம்பியா அக்கா என்ன சொல்லியிருப்பாவோ. அவ பூசையில் இருந்தா.

பம்பை மடிக்கும்போது கோயில் பக்கம் முகத்தைக் காட்டி, "எத்தனை?" என்றார். ஆங்கிலம் அவருக்கு எண்ணி எடுக்கலாம் போலத்தான்.

"நூற்றுத் தொண்ணூற்றாறு."

மண்டபப் பக்கம் காட்டினார். "அங்கே?"

"மறைக்கல்விப் பிள்ளைகள் முப்பத்தொன்று. தாய்மார் ஒன்பது."

இரண்டு விரல்களை விரித்துத் தன் கண்களைக் காட்டி, பிறகு கோயில் பக்கமும் மண்டபப் பக்கமும் காட்டினார். அத்தனை கண்கள். எனக்கு விளங்கியது. வேறு யாராவதென்றால் சனத்தை நினைத்து வெட்கப்படாதே என்று சொல்லியிருப்பார்கள். நான் பெருக்கிப் பார்த்தேன். நானூற்று எழுபத்திரண்டு கண்கள். அவர் சொன்னதில் பிழையில்லை.

அவர் காருக்குள் ஏறிய பிறகும் நான் அங்கேயே நின்று சுவரைப் பார்த்தேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால், குசினிச் சுவரில், வர்ணம் பூசி மறைந்துபோன ஒரு கதவு. எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அது எங்கே போகிறதென்று யோசித்ததில்லை. உள்ளே போய் ஸ்டோர் அறையைப் பார்த்தேன். அதே சுவர். அந்தச் சுவரில் கூரை வரைக்கும் கிறிஸ்துமஸ் குடில் சொரூபங்கள் அடுக்கிக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் கதவின் மேல் விளிம்பு நாலு விரல் தெரிந்தது. காரடியிலிருந்து வெளிக் கதவடிக்கு நடந்தேன். இருபத்திமூன்று அடி. எந்த யன்னலுக்கும் தெரியாது.

பதினோராம் ஞாயிறு பூசை தொடங்கியதும் சொரூபங்களை ஓடைக்கு மாற்றத் தொடங்கினேன். இடையர் மூவர், அரசர் மூவர், ஆடுகள் ஐந்து, மாடு, கழுதை, சிறகு விரித்த சம்மனசு. பலிபீடத்துக்குப் பூ வைக்கிற அம்மா ஒருவர் வழியில் வந்து, "நவம்பரில் கிறிஸ்துமஸா?" என்று மூக்கைச் சுளித்தா. சுவாமியிடம் முறையிடப் போனவவுக்குச் சுவாமி, "கடைகளில் செப்டம்பரிலேயே வந்துவிட்டதே" என்று சொல்லி அனுப்பினாராம். தாதி ஸ்டோர் அறையில் ஒரு சின்ன மேசை போட்டு இருந்தா. தானும் தூக்குகிறேன் என்றா. விடவில்லை.

கடைசியாக மிஞ்சியது ஒட்டகம். முழங்கால் மடித்துப் படுத்திருக்கிற ஒட்டகம். உள்ளே என்னத்தை ஊற்றி வார்த்தார்களோ, அசைந்தால்தானே? சாவிக் கொத்தின் உரிமையில்லாத மூன்றில் இரண்டாவது பூட்டுக்குப் பொருந்தியது. ஒட்டகத்தின் முதுகுக்கு மேலால் எட்டிக் கதவைத் தள்ளினேன். துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் போட்ட கூச்சலில் தாதி காதைப் பொத்தினா. வெளியே நீலக் காருக்குள் ஒரு தலை திரும்பியது.

அரைவாசி திறந்த கதவுக்குள்ளால் நான் கையைக் காட்டினேன். ஒட்டகத்தைக் காட்டினேன். என் இடுப்பைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்தார். வெளியிலிருந்து அவர் ஒட்டகத்தின் கழுத்தைப் பிடிக்க, உள்ளேயிருந்து நான் பின்பக்கத்தைப் பிடிக்க, அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால்தான் திருப்பலாம். அவர் உள்ளே வந்தார். ஒட்டகத்தைத் தூக்கியபடி ஸ்டோர் அறையின் நடுவில் நின்றபோதுதான் தாதியைக் கண்டார். தாதி ஸ்பானிஷில் ஏதோ சொன்னா. ஒட்டகத்தைப் பற்றித்தான் இருக்கவேண்டும். அவர் ஒரு மறுமொழி சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மூக்கால் ஒரு சிரிப்பும் வந்தது. ஒட்டகத்தை ஓடையில் வைத்துவிட்டு வந்த வழியே காருக்குப் போய்விட்டார்.

"ஏன் போகவிட்டனீங்கள்?" என்று தாதியிடம் பாய்ந்தேன். "உள்ளுக்கு வந்த ஆளை!"

"இன்றைக்கு ஒட்டகம்" என்றா அவ. "போதும். அடுத்த ஞாயிறு நீங்கள் காரடிக்குப் போகவேண்டாம். கதவை மட்டும் திறந்து வையுங்கள்."

கடைசி ஞாயிறு மழை. இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் குடையோடு குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பத்து. காருக்குள் அசைவில்லை. கண்ணாடித் துடைப்பான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு இருபது. போகாதே என்று தாதி சொன்னது என்னைக் கட்டிவைத்திருந்தது. என் கால்கள் இரண்டு தரம் தாமாகவே புறப்பட்டன. இரண்டு இருபத்தைந்துக்குத் துடைப்பான் நின்றது. கதவு திறந்தது. தலையைக் குனிந்தபடி வந்தார். என்னைத் தாண்டும்போது, "டயர் நல்லம்" என்றார். "நல்லம்" என்றேன். உள்ளே போய்க் கதவை இழுத்து மூடினார். கூச்சல்.

மூன்று ஐந்துக்குப் பூசை முடிந்தது. அவர் வெளியே வரவில்லை. குசினியில் மாத் தேடுகிறார்கள், ஸ்டோர் அறை உள்ளே பூட்டியிருக்கிறது. என்ன செய்வதென்று ஓடினேன். என் மனைவி ஸ்டோர் அறையின் குசினிப் பக்கக் கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "மா முடிஞ்சுது! இண்டைக்கு எல்லாரும் தேத்தண்ணி!" என்று பச்சைத் தமிழில் சத்தம் போட்டாள். ஒருத்திக்கும் விளங்கவில்லை. எல்லோரும் தேத்தண்ணி வைக்கத் தொடங்கினார்கள்.

திரும்பி வெளியே வரும்போது கொலம்பியா அக்கா கோப்பிக் கோப்பையோடு காரடியில் நின்றா. சாரதி ஆசனம் வெறுமை. கதவு பூட்டவில்லை. கார்ச் சாவி உள்ளே தொங்குகிறது. அவ பின் ஆசனத்தைப் பார்த்தா, தெருவைப் பார்த்தா. என்னைக் கண்டதும் கோப்பி சிந்தச் சிந்த ஓடிவந்தா.

"எங்க? டொன், எங்க போனார்?"

சொல்லலாமா? பெயர் எழுதுவதில்லை, யார் வந்தது என்று வெளியே சொல்வதில்லை என்று ஏழு வாரமாகக் காத்த ஒழுங்கு அது. அவருடைய மனைவிக்கும் அது பொருந்துமா? எனக்குத் தெரியவில்லை. கண் மட்டும் சுவர்ப் பக்கம் போய்விட்டது.

அவ அந்தக் கதவைப் பார்த்தா. மழையில் நனைந்துகொண்டு நெடுநேரம் பார்த்தா. ஒரு அடி எடுத்துவைத்தா. பிறகு நின்று, திரும்பி, காருக்குள் ஏறிச் சாரதி ஆசனத்தில் இருந்தா. கார் ஓடத் தெரியாதவ. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தா.

மூன்று முப்பத்தைந்துக்குக் கதவு கத்தியது. அவர் வெளியே வந்தார், பின்னால் தாதி. கண்கள் சிவந்திருந்தன. கதவின் பிணைச்சலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தாதியிடம் ஏதோ சொன்னார். தாதி எனக்கு மொழிபெயர்த்தா.

"இந்தச் சத்தம் கோயிலுக்குள்ளேயே கேட்குமாம். அடுத்த ஞாயிறு எண்ணெய் கொண்டுவருகிறாராம்."

அடுத்த ஞாயிறு என்று ஒன்று இல்லை. இது பன்னிரண்டாவது. சொல்ல வாயைத் திறந்தேன். தாதி என்னை ஒரு பார்வை பார்த்தா.

"ஓம், அடுத்த ஞாயிறு" என்றேன்.

அவர் காரடிக்குப் போனார். மனைவி தன் இடத்தில் இருப்பதைக் கண்டு ஒரு கணம் நின்றார். பிறகு சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். மழைக் கண்ணாடிக்குள்ளால் வேறொன்றும் தெரியவில்லை. நானும் பார்க்கவில்லை.

நேரே சுவாமியிடம் போய்க் கணக்கைச் சொன்னேன். முப்பத்தொரு பேர் மா எடுக்கப் போயிருக்கிறார்கள். சுவாமி அப்போதே சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? திங்கட்கிழமையும் எடுத்தார். தொடரலாம் என்ற கடிதம் வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து ஞாயிறும் தாதி சம்பளமில்லாமல் வந்தா. "ஞாயிறு என்னுடையது, எங்கே இருப்பதென்று நான்தானே பார்க்கவேண்டும்" என்றா.

பதின்மூன்றாம் ஞாயிறு அவர் சின்ன எண்ணெய்க் குப்பி ஒன்றோடு வந்தார். மேல் பிணைச்சலுக்கு விட்டார், கீழ்ப் பிணைச்சலுக்கு விட்டார். வழிந்ததைத் துணியால் துடைத்தார். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, காதை வைத்துக் கேட்டார். பிறகு எனக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கதவு சத்தமே இல்லாமல் மூடியது.

அதில் எனக்கு ஒரு வில்லங்கம் வந்தது. இனி அவர் எப்போது வெளியே வருகிறார் என்று எனக்குக் கேட்காது. ஆகையால் அந்தக் கதவைப் பார்த்தபடி குளிரில் நின்றேன். பூசை முடிந்து கொலம்பியா அக்கா இரண்டு கோப்பைகளோடு வந்தா. ஒன்றை என் கையில் தந்தா. மற்றதன் மேல் ஒரு சோசரை மூடி, ஆறாமல் இருக்க இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றா.